பாதியில் நின்ற ஆட்டங்கள்

காவ்ரா யாரையாவது அடிக்கப் போகிறான் என்றால் முதலில் மோதிரங்களைக் கழற்றி மேசைமேல் வைப்பான். அடி வாங்குகிறவன்மேல் இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். கல் பதித்த மோதிரத்தில் ரத்தம் பட்டால் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறதாம், பல்குத்தியை வைத்து நோண்ட வேண்டியிருக்கிறதாம். அவனே என்னிடம் குறைபட்டுக்கொண்டான், ஏதோ பாத்திரம் தேய்க்கிற கஷ்டத்தைச் சொல்வதுபோல.

அவனிடம்தான் நான் வேலை பார்த்தேன். நிஷ் நகரில், டயர் கடைக்கு மேல் மாடி. கீழே டயர் கழற்றும் சத்தம், மேலே என் கணினி, பக்கத்து அறையில் அவ்வப்போது யாராவது அலறும் சத்தம். மூன்றும் பழகிவிடும். அதற்கு முன்னால் அரசாங்கப் புள்ளிவிவர அலுவலகத்தில் பிளம் மரங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பிளம் மரம் யாரையும் அடிக்காது, ஆனால் அந்தச் சம்பளத்தில் குளிர்காலத்துக்கு விறகுகூட வாங்க முடியாது.

காவ்ராவுக்கு நான் செய்தது ஜோசியம் இல்லை. ஒவ்வொரு டென்னிஸ் ஆட்டக்காரனுக்கும் ஒரு எண். ஜெயித்தால் ஏறும், தோற்றால் இறங்கும். பெரிய எண்காரனைச் சின்ன எண்காரன் அடித்தால் நிறைய ஏறும். சிவப்பு மண் ஆடுகளத்துக்குத் தனி எண், கெட்டித் தரைக்குத் தனி எண். அதோடு இரண்டாவது சர்வீஸில் எத்தனை புள்ளி எடுக்கிறான், தாழ்ந்த பந்தை எப்படித் திருப்புகிறான், முதல் செட் போனபிறகு என்ன ஆகிறான் என்றெல்லாம் பார்த்து, இன்றைக்கு இவன் ஜெயிக்க இவ்வளவு வாய்ப்பு என்று சொல்வேன். பந்தயக் கடைக்காரன் அந்த வாய்ப்பைக் குறைத்து மதிப்பிட்டிருந்தால் காவ்ரா பணத்தைக் கட்டுவான். அவ்வளவுதான் தொழில். கேட்டால் சுத்தமாகத்தான் இருக்கிறது.

ஒருநாள் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தான்.

"ஏம்மா தெசா, பாதியில நின்ன ஆட்டத்தையெல்லாம் எதுக்கு இதுல வெச்சிருக்க? தூக்கு."

"அண்ணே, பாதியில விலகுறவன் பெரும்பாலும் தோத்துக்கிட்டிருக்கும்போதுதான் விலகுறான். அதைத் தூக்கினா அவன் தோல்வியையெல்லாம் தூக்குன மாதிரி ஆயிடும்."

"கடைக்காரன் பணத்தைத் திருப்பிக் குடுத்தானா இல்லையா?"

"குடுத்தான்."

"அப்புறம் என்ன தோல்வி? பணம் திரும்பி வந்துச்சுன்னா அந்த ஆட்டம் நடக்கவே இல்ல. நடக்காத ஆட்டத்துக்குக் கணக்கு எழுதுவாளாம், இவ ஒரு படிச்சவ!"

பந்தயக்காரன் புத்தி அப்படித்தான். எங்கள் ஊர்க் கடைகளில் ஆட்டக்காரன் அடிபட்டு விலகினால் பந்தயம் ரத்து, கட்டிய பணம் கைக்கு வந்துவிடும். காவ்ராவுக்கு அது வெறும் விதி இல்லை, வேதம். தோற்ற ஆட்டத்துக்கு யாரையாவது அடித்தே ஆகவேண்டும் அவனுக்கு. ரத்தான ஆட்டத்துக்கு மட்டும் யார்மேலும் கைவைக்க மாட்டான். "கடவுள் கலைச்சுவிட்ட ஆட்டம், யார் மேலயும் தப்பில்ல" என்று சிலுவைக் குறி போட்டுக்கொள்வான். நான் தூக்கினேன். தூக்காமல் இருந்திருந்தால் மோதிரம் மேசைக்கு வந்திருக்கும்.

அந்த ஆட்டங்களைத் தூக்கியதும் பட்டியலில் கிடுகிடுவென்று மேலே ஏறிய பெயர் ஒன்றுண்டு. ரேல்யா. என் தம்பி.

ரேல்யா தோற்க மாட்டான். தோற்கப் போகிறான் என்று தெரிந்தால் தொடையைப் பிடிப்பான், இடுப்பைப் பிடிப்பான், நடுவரிடம் போய்க் கைகுலுக்கிவிட்டு வந்துவிடுவான். இதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது எங்கள் அப்பா. பஸ் ஓட்டுநர். ஒவ்வொரு தோல்விக்கும் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற ரப்பர் குழாயால் விளாசுவார். என்னைத்தான் குழாயை எடுத்துவரச் சொல்வார். பதினோரு வயசில் ஒரு ஆட்டத்தில் தோற்றுக்கொண்டிருந்தபோது ரேல்யாவுக்கு நிஜமாகவே கணுக்கால் மடங்கிவிட்டது. அன்றைக்கு அப்பா அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார், வழியில் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். பிள்ளை கப்பென்று பிடித்துக்கொண்டான். அப்பா செத்துப் பல வருஷமாகிறது, ஆனால் தம்பியின் தொடை இன்னும் அவருக்குப் பயப்படுகிறது.

ஆகவே காவ்ராவின் பட்டியலில் ரேல்யா ஒரு பொக்கிஷம். அவன்மேல் கட்டினால் ஒன்று ஜெயிப்பான், இல்லை பணம் திரும்பி வரும். காவ்ரா அவனை ஒருமுறைகூடப் பார்த்துப் பேசியதில்லை, ஆனால் மகனைப்போல நேசித்தான். நானும் வாயைத் திறக்கவில்லை. யாருக்கும் அடி இல்லை, எல்லாருக்கும் லாபம் என்று இருந்துவிட்டேன்.

எங்கள் ஊர் கிளப்பிலேயே வசந்தப் போட்டி. அரையிறுதியில் ரேல்யாவும் ரதோஸ்தினும். ரதோஸ்தின் பல்கேரியாக்காரன், சின்ன வயசு, பந்தை அறைந்தால் வேலி அதிரும். அன்று காலை நான் மாடிக்குப் போனபோது காவ்ரா இறைச்சி வைத்துச் சுட்ட புரெக் பணியாரத்தைப் பிய்த்து யோகர்ட்டோடு விழுங்கிக்கொண்டிருந்தான். எண்ணெய்க் கையோடு என் கன்னத்தைக் கிள்ளினான்.

"உன் தம்பி மேல பெரிசா வெச்சிருக்கேன்டி இன்னிக்கு. கடையில இல்ல. பல்கேரியாவுல, சோஃபியாக்காரன் ஒருத்தன் கிட்ட, நேருக்கு நேர். என் கையில இருந்ததையெல்லாம் வெச்சுட்டேன்."

"நேருக்கு நேர்னா? பாதியில நின்னா?"

"முதல் பந்து அடிச்சாச்சுன்னா பந்தயம் ரத்தாகாது. விலகினவன் தோத்தவன். அவங்க ஊர் வழக்கம் அது. நமக்கென்ன? நீதான் போட்டிருக்கியே, ரேல்யாவுக்கு எழுபது சதம்னு."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவனுக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

"அண்ணே, அந்த எண் பொய்."

மெல்லுவதை நிறுத்தினான்.

"நீங்க பாதியில நின்ன ஆட்டத்தைத் தூக்கச் சொன்னீங்க. அதையெல்லாம் தோல்வின்னு சேர்த்தா என் தம்பிக்கு நாப்பதுகூடத் தேறாது. முதல் செட் போச்சுன்னா அவன் நிக்கவே மாட்டான். பந்தயத்தை வாபஸ் வாங்குங்க, கெஞ்சிக் கேக்குறேன்."

அவன் கையைத் துடைத்துக்கொண்டான். நிதானமாக மோதிரங்களைக் கழற்றினான், ஒன்று, இரண்டு, மூன்று. நான் ஓடவில்லை. கதவில் மிலோயே நின்றிருந்தான். மிலோயே காவ்ராவின் அடியாள், ஒரு காலத்தில் மல்யுத்தக்காரன், இரண்டு காதும் பிய்ந்துபோன பணியாரம் மாதிரி இருக்கும்.

முதல் அறையில் நாற்காலியோடு கவிழ்ந்தேன். அடுத்து விலாவில் ஒரு உதை. மூச்சு எங்கே போனதென்று தெரியவில்லை, திரும்பி வர நேரமாயிற்று.

"எண்ணு உன்னுது. உன் கையால போட்டது. இப்ப வந்து பொய்யிங்கிற. நாலு வருஷமா என் சோத்தைத் தின்னுட்டு." குனிந்து என் வலது கையைக் காலால் மிதித்தான், அழுத்தாமல், சும்மா வைத்ததுபோல. "கேளு. அவன் தோத்தா அவன் அடிக்கிற கையை மணிக்கட்டோட முறிப்பேன். விலகினாலும் அதேதான். போய்ச் சொல்லு உன் தம்பிகிட்ட. மிலோயே, நீயும் கூடப் போ. வேலி ஓரமா உக்காரு. அவன் தொடையைப் பிடிச்சா நீ போய்ப் பேசு."

கிளப்பில் ரேல்யா சுவரில் பந்தடித்துக்கொண்டிருந்தான். என் உதடு கிழிந்திருப்பதைப் பார்த்ததும் ராக்கெட்டைக் கீழே போட்டுவிட்டான். நான் சொன்னேன், ஒன்றையும் மறைக்காமல். 

"அக்கா, ஓடிடலாம்."

"எங்கடா ஓடுவ? அடுத்த வாரம் எந்த ஊர்ல, எந்த மணிக்கு, எந்த மைதானத்துல ஆடுறன்னு உலகத்துக்கே அச்சடிச்சுச் சொல்றாங்களே. உன் பொழப்பு அப்படி."

"போலீஸ்?"

"இன்ஸ்பெக்டர் மகள் கல்யாணத்துக்கு ஆட்டுக்குட்டி அனுப்பினதே காவ்ராதான்."

"என்னால முடியாது. ரதோஸ்தினை நான் ஜெயிக்கிறதாவது? உனக்கே தெரியும்."

"தெரியும். ஆனா நில்லு. ஒரே ஒரு தடவை கடைசிவரைக்கும் நில்லுடா."

நான் வேலை மெனக்கெட்டு ரதோஸ்தினைப் பற்றி மனப்பாடம் செய்து வைத்திருந்ததை அவன் காதில் கொட்டினேன். தாழ்ந்து வழுக்கிவரும் பந்தை அவன் குனிந்து எடுக்க மாட்டான், பாதிக்குப் பாதி வலையில் போடுவான். ஆனால் ரேல்யா பின்கை அடியை, அதாவது பேக்ஹேண்டை, எப்போதும் இரண்டு கையால் ஓங்கித்தான் அடிப்பான், வழுக்கி வெட்டி ஆட மாட்டான். "முயற்சி பண்ணு" என்றேன். தலையாட்டினான். காதில் ஏறவில்லை என்று தெரிந்தது.

முதல் செட்டில் அவனைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. ரதோஸ்தின் ஆறுக்கு இரண்டு என்று துவைத்துப் போட்டான். கடைசி கேமில் ரேல்யாவின் கை தொடைக்குப் போயிற்று. பிறகு இடுப்புக்கு. நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு "எடுறா கையை!" என்று கத்தினேன். பக்கத்திலிருந்த கிழவர்கள் சிரித்தார்கள். செட் முடிந்ததும் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டான். என்ன செய்யப் போகிறான் என்று எனக்குத் தெரியும். உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வந்து நடுவரிடம் கைநீட்டுவான். மிலோயே சூரியகாந்தி விதையைத் துப்பிவிட்டு எழுந்தான்.

உள்ளே நடந்ததை ரேல்யா பிற்பாடு சொன்னான். மிலோயே கத்தவில்லை, திட்டவில்லை. ரேல்யாவின் இடது கையைக் குலுக்குவதுபோலப் பிடித்தான்.

"எங்க வலிக்குது, தம்பி?"

"தொடை."

"சரி, இப்ப?" என்று சுண்டுவிரலைப் பின்னால் மடக்கி ஒடித்தான். குச்சி ஒடிகிற சத்தம்தான் கேட்டதாம். ரேல்யா அலறாதபடி மிலோயே இன்னொரு கையால் அவன் வாயைப் பொத்தியிருந்தான். "இப்ப தொடை வலிக்குதா? இல்லல்ல? பாத்தியா, சரியாயிடுச்சு. போய் ஆடு."

ரேல்யா திரும்பி வந்தபோது இடது கையின் கடைசி இரண்டு விரல்களையும் சேர்த்துப் பட்டையால் சுற்றியிருந்தான். பட்டையில் ரத்தம். நடுவர் கேட்டதற்கு "கதவுல நசுங்கிடுச்சு, ஒண்ணுமில்ல" என்றான். அவன் வாயிலிருந்து 'ஒண்ணுமில்ல' என்ற வார்த்தையை நான் அன்றுதான் கேட்டேன்.

சர்வீஸுக்குப் பந்தைத் தூக்கிப் போடவே இடது கை ஒத்துழைக்கவில்லை, பந்து கோணலாகப் போயிற்று. இரண்டு கையால் பின்கை ஆட முடியவே முடியாது. ஒற்றைக் கையால் வெட்டத்தான் முடிந்தது. வெட்டினான். பந்து சிவப்பு மண்ணைத் தேய்த்துக்கொண்டு முழங்காலுக்குக் கீழே வழுக்கிப் போயிற்று. ரதோஸ்தின் குனியவில்லை. வலை. மறுபடி வெட்டினான். மறுபடி வலை. நான் காலையில் தொண்டை வறளச் சொல்லியும் ஏறாததை ஒடிந்த விரல் ஏற்றிவிட்டது.

அதற்குப் பிறகு அவன் ஆடியது டென்னிஸ் என்றே எனக்குத் தோன்றவில்லை. யாரையோ கொல்லப் போகிறவன் மாதிரி ஆடினான். பந்தை அடிக்கும்போதெல்லாம் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வலைக்கு வந்த ரதோஸ்தினின் மார்பிலேயே அடித்தான், அவன் மல்லாந்து விழுந்தான், இவன் மன்னிப்புக்குக் கை தூக்கக்கூட இல்லை. பந்தைத் துரத்திப் போய் இரும்பு வேலியில் மோதி முழங்கை கிழிந்தது. மண்ணும் ரத்தமும் ஒரே நிறம், எது எதென்று தெரியவில்லை. இரண்டாவது செட் ஆறுக்கு ஆறு ஆகி, டைபிரேக்கில் ரேல்யாவுக்கு வந்தது. மூன்றாவதில் ஐந்துக்கு ஐந்து இருந்தபோது ரதோஸ்தின் கோபத்தில் ராக்கெட்டைத் தரையில் அடித்து உடைத்தான். ஏழுக்கு ஐந்து என்று முடிந்ததும் ரேல்யா ஆடுகளத்தின் நடுவில் நின்று அழுதான். தொடையைப் பிடிக்கவில்லை, இடுப்பைப் பிடிக்கவில்லை. சும்மா கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்று அழுதான். எனக்கு விலா வலியெல்லாம் மறந்துபோயிற்று. இப்படி ஒரு ஆட்டக்காரனா என் வீட்டில் இத்தனை வருஷம் ஒளிந்திருந்தான் என்று பெருமைப்பட்டேன்.

கிளப் முற்றத்தில் அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார்கள். காவ்ரா எங்கள் இருவரையும் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் வைத்தான். மூன்று முத்தம், எங்கள் ஊர் வழக்கப்படி. ராக்கியா சாராயத்தை ஊற்றி ரேல்யாவின் கையில் திணித்தான்.

"எழுபது சதம்னு சொன்னா சொன்னதுதான்! பாத்தியா தெசா, எண்ணு பொய் சொல்லாது, நீதான் பொய் சொன்ன. சரி விடு, வலிக்குதா? வெங்காயம் வெச்சு ஒத்தடம் குடு."

"பந்தயம் முடிஞ்சுதுல்ல, அண்ணே. இவனை விட்டுடுங்க."

"விடுறதா? சோஃபியாக்காரன் கொதிச்சுப் போயிருக்கான். அடுத்த வாரம் ஸ்கோப்யே போட்டிக்கு ரெண்டு மடங்கா வெக்கிறானாம். ஏம்மா, ஒண்ணு கேக்கட்டுமா? உன் கணக்குல சர்வீஸு, மண்ணு எல்லாத்துக்கும் ஒவ்வொரு பத்தி வெச்சிருக்கேல்ல. இதுக்கும் ஒண்ணு சேத்துக்கோ."

"எதுக்கு?"

"விரலுக்கு." ரேல்யாவின் இடது கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினான், குழந்தை கையைக் காட்டுவதுபோல. "விரலை ஒடிச்சதும் என்னா ஆட்டம்! முதல் செட்டு முடியுறவரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? ஸ்கோப்யேல ஆட்டத்துக்கு முன்னாடியே மிலோயே ஒண்ணு ஒடிச்சிடட்டும். அடிக்கிற கை பத்திரமா இருக்கும், அதுக்கு நான் பொறுப்பு. இதுல இன்னும் நாலு இருக்கே."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவன் முகத்தில் கோபமே இல்லை. சோதனை பலித்த சந்தோஷம் இருந்தது.

"நான் வரலைன்னா?" என்றான் ரேல்யா.

"உங்கக்காவுக்குப் பத்து விரல் இருக்கு. நிஜமா அடிபட்டு வரலைன்னா அது வேற, அது கடவுள் கணக்கு. நான் அதுல தலையிட மாட்டேன். ஆனா நடிச்சேன்னா மிலோயே வந்து தொட்டுப் பாப்பான்." இறைச்சித் துண்டை ரொட்டியில் வைத்து அவன் வாயருகே நீட்டினான். "சாப்பிடுடா மகனே."

ரேல்யா சாப்பிட்டான். நான் அவனைக் கைத்தாங்கலாக என் காருக்கு அழைத்துப்போனேன். கார் முற்றத்துக்கு எதிரிலேயே நின்றது. அடுப்புப் புகைக்கு அப்பால் காவ்ராவும் மிலோயேயும் எங்களைப் பார்த்துக் கோப்பையைத் தூக்கினார்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம். விரலுக்குக் கட்டுப் போடணும்" என்று அவன் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டேன்.

அவன் ஏறவில்லை. வலது கையைக் கதவு வந்து பொருந்துகிற சட்டத்தில் வைத்தான். விரல்களை விரித்து, மணிக்கட்டு வரைக்கும் உள்ளே தள்ளி வைத்தான்.

"சாத்துக்கா."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவனை அறைய வேண்டும்போல் இருந்தது.

"பைத்தியமாடா உனக்கு? இன்னிக்கு எப்படி ஆடின தெரியுமா? உன்னை மாதிரி யாரு ஆடுவா?"

"தெரியும். நானும் பாத்தேன். அதான் சொல்றேன், இந்தக் கை இருக்கிறவரைக்கும் அவன் விட மாட்டான். முதல்ல என் விரலு, அப்புறம் உன் விரலு. அவன் பாத்துக்கிட்டிருக்கான், நான் கை வெச்சது புகையில தெரியாது, கதவு நசுக்கினது மட்டும்தான் தெரியும், அவன் கண்ணு முன்னாலயே நடக்கட்டும். விபத்து, ரத்து. அவன் வாயாலயே சொன்னான்ல."

"நீயே செஞ்சுக்க. என்னால ஆகாது."

"நானா செஞ்சா கடைசி நொடியில கையை இழுத்துக்குவேன், அக்கா. என்னைப் பத்தி உனக்குத் தெரியாதா?"

தெரியும். என்னைவிட யாருக்குத் தெரியும். கதவின் விளிம்பைப் பிடித்தேன். முற்றத்தில் யாரோ பாட ஆரம்பித்தார்கள். அவன் தோளால் என்னை ஒருமுறை முட்டினான், சின்ன வயசில் மன்னிப்புக் கேட்க முட்டுவானே, அந்த மாதிரி.

முதல் தடவை கதவு பாதி வழியில் தயங்கித் தோலை மட்டும் கிழித்தது. பின்வாங்கியது என் கை, அவனுடையது இல்லை. அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ரத்தம் வழிகிற கையை எடுக்காமல், வைத்த இடத்திலேயே வைத்திருந்தான். நான் கதவை முழுக்கத் திறந்து, என் முழு உடம்பையும் கொடுத்து இன்னொரு தடவை சாத்தினேன்.